கொழும்புப் பால்கனியில் வாசனை ஜெரேனியம்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நுவரெலியாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் லீக்ஸ் கட்டோடும் கரட் பையோடும் சேர்த்துக் கொண்டுவரும் செடிகளில், இலையைக் கசக்கினால் ரோஜா மணம் வீசும் றோஸ் ஜெரேனியமும் ஒன்று. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், வேலியோரத்தில் எவரும் கவனிக்காமலே புதராகத் தழைத்து நிற்கும் அந்தச் செடி, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடியின் பால்கனிக்கு வந்து இரண்டு மூன்று மாதங்களில் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிடுகிறது. செடி போனால் எண்ணெயாவது இருக்கட்டும் என்று வாங்கும் சிறு போத்தலும் சில மாதங்களில் மணம் மாறிவிடுகிறது, அல்லது பூசிய இடத்தில் தோல் சிவக்கிறது.

இவற்றுள் பெரும்பாலானவை, குறை ஒன்றைக் கண்டவுடன் எதையாவது கூட்டிச் சேர்ப்பதால் வருபவை என்பதே என் கணிப்பு. இலை வாடினால் தண்ணீரையும், மணம் குறைந்தால் உரத்தையும், எண்ணெய் பலன் தரவில்லையென்றால் துளிகளையும் நாம் கூட்டுகிறோம். கீழே உள்ள வழிமுறையில் அநேகமான இடங்களில் முதற்படி எதையாவது குறைப்பதாகவே இருக்கும்.

இலையைக் கசக்கினாலும் மணம் வரவில்லை

முதலில், கையில் இருப்பது எந்தச் செடி என்று பாருங்கள். ஜெரேனியம் என்ற பெயரே இரண்டு வேறு குடும்பத்துப் பிள்ளைகளை ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போன்ற குழப்பத்தைத் தருகிறது. உண்மையில் அவை ஒரே குடும்பத்தின் இரண்டு பேரினங்கள். லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் இரண்டையும் ஜெரேனியம் என்றே வகைப்படுத்தினார். லெரித்தியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1789 இல் பெலார்கோனியம் என்ற பேரினத்தைப் பிரித்தெடுத்தார். காயின் நீண்ட அலகைக் கண்டு ஒன்றுக்குக் கொக்கின் பெயரும் மற்றதற்கு நாரையின் பெயரும் கிரேக்க மொழியிலிருந்து வந்தன. பிரித்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் நாற்றுமேடைக்காரர்களும் எண்ணெய் விற்பவர்களும் பழைய பெயரையே சொல்கிறார்கள். நாம் பேசுவது பெலார்கோனியம் கிராவியோலென்ஸ் என்ற செடியையும் அதன் உறவான கலப்பினங்களையும் பற்றியே.

கடைகளில் சிவப்புப் பூங்கொத்துடன் அழகாக நிற்பது பெரும்பாலும் வேறு வகை. அதன் இலை வட்டமாக, நடுவில் குதிரை லாடம் போன்ற கரும்வளையத்துடன் இருக்கும். கசக்கினால் பித்தளைப் பாத்திரத்தைத் தொட்ட கை போல ஒரு மணம் வரும். அதை எவ்வளவு பராமரித்தாலும் ரோஜா மணம் வராது. வாசனை ஜெரேனியத்தின் இலை ஆழமாக வெட்டுண்டு, மென்மையான உரோமத்துடன், தொட்டால் வெல்வெட்டுத் துணி போல இருக்கும். பூ சிறியது, வெளிர் இளஞ்சிவப்பு.

செடி சரியானதுதான் என்றால், அடுத்து வெளிச்சத்தையும் உரத்தையும் பாருங்கள். மணம் இருப்பது இலை உரோமங்களின் நுனியிலுள்ள நுண்சுரப்பிகளில். நிழலில் வளர்ந்த இலையிலும், நைதரசன் உரம் மிகுந்து கொழுத்த இலையிலும் மணம் நீர்த்துப்போகும். எனவே இரண்டு மாதங்களுக்கு உரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, காலை வெயில் நேரடியாகப் படும் இடத்துக்குச் சாடியை நகர்த்துங்கள். பல நாள் மழைக்குப் பின் மணத்தைச் சோதித்து ஏமாற வேண்டாம். இரண்டு நாள் வெயில் கண்டபின், நடுத்தர வயதுள்ள இலை ஒன்றை எடுத்துக் கசக்கிப் பாருங்கள்.

கீழிலைகள் மஞ்சளாகி, தண்டின் அடி கறுக்கிறது

கொழும்பில் இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் இதுவே. எனவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இச்செடியின் தாயகம் ஆபிரிக்காவின் தென்பகுதி. தண்ணீர் வடிந்தோடும் மண்ணுக்கும் குளிர்ந்த இரவுகளுக்கும் பழகிய வேர் இதனுடையது. கொழும்பிலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பங்கு சித்திரை முதல் ஆனி வரையிலும், மீண்டும் ஐப்பசி, கார்த்திகையிலும் கொட்டுகிறது. இரவிலும் வெப்பநிலை 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வேர் மூச்சுவிட இடமில்லாமல் ஈரமும் வெப்பமும் சேர்ந்து நிற்கும்போது, பித்தியம் போன்ற நீர் விரும்பும் நோய்க்கிருமிகள் வேரிலிருந்து தண்டுக்கு ஏறுகின்றன. தண்டின் அடி கறுத்து, ஈரமாக, அழுத்தினால் குழைந்துபோகும். இதைக் கருங்கால் நோய் என்பார்கள்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வேர் அழுகிய செடியின் இலைகளும் தண்ணீர் இல்லாத செடியின் இலைகளைப் போலவே வாடித் தொங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடிவதில்லை. அதைப் பார்த்து இரக்கப்பட்டு இன்னொரு குவளை ஊற்றுகிறோம். எங்கள் வீட்டில் மாமி அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் நாள்தோறும் இந்தச் சாடிக்கே ஊற்றிவந்தார். கறிவேப்பிலைக்கு நல்லதென்றால் இதற்கும் நல்லதுதானே என்பது அவருடைய நியாயம். முதற்செடி அப்படித்தான் போனது.

ஆகவே வாடிய செடியைக் கண்டவுடன் தண்ணீரை எடுக்காமல் சாடியைத் தூக்கிப் பாருங்கள். சாடி இலேசாக இருந்து, மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டால் காய்ந்திருந்தால், அது தாகம். தண்ணீர் ஊற்றினால் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். சாடி கனமாக இருந்து செடி வாடியிருந்தால் அது வேர் அழுகல். சாடியைச் சாய்த்து மண்கட்டியை அப்படியே வெளியே எடுங்கள். வெண்மையாகவும் உறுதியாகவும் உள்ள வேர்கள் பாதிக்கு மேல் இருந்தால், பழுப்பு வேர்களைக் கழித்துவிட்டுப் புதிய, உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் மழைபடாத வெளிச்சத்தில் வைக்கலாம். வேர்கள் பழுப்பாகி, இழுத்தால் தோல் கழன்று நூல்போல மிஞ்சினால், அல்லது தண்டின் அடி ஏற்கெனவே கறுத்துவிட்டால், அந்தச் செடியைக் காப்பாற்ற முயலாதீர்கள். நோய்நாசினி தெளித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கறுப்பு மேலேறிக்கொண்டே இருக்கும். நுனியிலுள்ள நல்ல கிளைகளை உடனே பதியன் துண்டுகளாக எடுத்துவிடுவதே செய்யத்தக்கது.

துண்டு எடுக்கும் முறையிலும் நாம் பழகிய வழக்கம் ஒன்று தடையாகும். ரோஜாத் தண்டையோ செவ்வரத்தைத் தண்டையோ நட்டுப் பிளாஸ்டிக் உறையால் மூடுவதைப் போல இதை மூடக்கூடாது. மூடினால் இரண்டு நாளில் அழுகும். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால், பூவில்லாத நுனியை ஏறத்தாழ 10 சென்றிமீற்றர் நீளத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழிலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை சில மணி நேரம் நிழலில் கிடத்துங்கள். பிறகு பருமணலும் தும்புத்தூளும் சமமாகக் கலந்த சிறு சாடியில் நட்டு ஒருமுறை தண்ணீர் விடுங்கள். அதன்பின் மேல்மண் காயும்வரை தொடவேண்டாம். ஆற்றுமணலே வேண்டும், காலிமுகத்திடலிலிருந்தோ தெஹிவளைக் கரையிலிருந்தோ அள்ளிவந்த உப்பு மணல் உதவாது. மூன்று முதல் ஐந்து வாரங்களில் வேர் பிடிக்கும். மழை குறைந்த தை, மாசி மாதங்கள் கொழும்பில் இதற்கு மிகவும் ஏற்ற காலம்.

புதிய செடிக்குக் கலவையில் மூன்றிலொரு பங்கு பருமணலோ சிறு கல்லோ இருக்கட்டும், கொம்போஸ்ட் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். மண்சாடி பிளாஸ்டிக் சாடியைவிட நல்லது. பெரிய சாடியில் நட்டால் நன்றாக வளரும் என்ற எண்ணமும் தவறு: வேர் எட்டாத மண்ணில் தங்கும் ஈரமே அழுகலின் தொடக்கம். அடைமழை மாதங்களில் சாடியைக் கூரைக்கு உள்ளே நகர்த்திவிட வேண்டும்.

இலையின் அடியில் கொப்புளம், தக்கை போன்ற புள்ளிகள்

இது நோயன்று. மண் ஈரமாகவும் காற்று ஈரப்பதம் நிறைந்ததாகவும் இருக்கும்போது, வேர் உறிஞ்சும் நீரை இலையால் ஆவியாக்கிவிட முடியாமல் கலங்கள் வெடித்துத் தக்கையாகின்றன. மருந்து தேவையில்லை, தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் புதிய இலைகள் சுத்தமாக வரும். பழைய புள்ளிகள் மறையா.

செடி நீண்டு ஒல்லியாகிறது, பூச்சி வருகிறது, பூக்கவில்லை

நீண்டு ஒல்லியாவது வெளிச்சக் குறைவு. கிழக்குப் பார்த்த பால்கனிக்கு மாற்றி, நுனிகளைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளியது வீணாகாது, தேநீர்க் கோப்பையருகில் வைத்தாலே அறை மணக்கும். வெண் ஈக்கும் மாவுப்பூச்சிக்கும் சவர்க்காரக் கரைசலை மாலையில் இலையின் அடிப்புறத்தில் தெளித்து, மறுநாள் காலையில் கழுவிவிட்டால் போதும். பூக்காததைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். எண்ணெய் இலையிலும் இளந்தண்டிலும் இருப்பது, பூவில் அன்று; பூவை எதிர்பார்ப்பவர் ஹக்கலைப் பூங்காவுக்கு ஒருமுறை போய்வருவது, கொழும்பின் வெக்கையோடு போராடுவதைவிடச் சுலபம்.

வீட்டில் காய்ச்சி எடுத்தால் எண்ணெய் வரவில்லை

வராததில் வியப்பில்லை. நீராவியில் வடித்தெடுக்கும்போது பச்சை இலையின் எடையில் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 சதவீதமே எண்ணெயாகக் கிடைக்கும். ஒரு கிலோகிராம் இலைக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் என்பது அதன் பொருள். ஒரு பால்கனிச் செடியிலிருந்து ஒரு தடவையில் வெட்டக்கூடியது கால் கிலோவைத் தாண்டாது. பிரஷர் குக்கரில் குழாய் பொருத்திப் பரிசோதிப்பவர்களுக்கு மிஞ்சுவது மணமுள்ள நீரும், அதன்மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் ஒரு படலமும்தான். அந்த நீரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் பயன்படுத்தலாம். குக்கரின் ஆவி வழியை மாற்றியமைப்பது ஆபத்தானது, அதைச் செய்யாதீர்கள்.

இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைப்பவர்களுக்கு வேறு குறை: பத்து நாளில் போத்தலின் மேற்பகுதியில் பூஞ்சணம் கட்டுகிறது. பச்சை இலையின் நீரே காரணம். இலையை நிழலில் முற்றாக உலர்த்தி, நொறுங்கும் நிலை வந்தபின் ஊறவையுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் அதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். இப்படிக் கிடைப்பது மணமூட்டிய தேங்காயெண்ணெயே. கடையில் விற்கும் நறுமண எண்ணெய்க்கு அது ஈடாகாது.

வாங்கிய போத்தல் ரோஜாவைப் போல மணக்கவில்லை

ரோஜாவிலிருந்து சற்று வேறுபட்டு மணப்பதே இயல்பு. ரோஜா எண்ணெயிலுள்ள சிட்ரொனெல்லோல், ஜெரானியோல் ஆகிய இரண்டும் இதிலும் மிகுதியாக இருப்பதால்தான் ரோஜாவின் சாயல் வருகிறது. கூடவே ஐசோமெந்தோன் இருப்பதால் புதினா போன்ற ஒரு பச்சை வாடையும் இருக்கும். விளைந்த நாட்டுக்கேற்பவும் மணம் மாறும். இந்து சமுத்திரத்தின் ரீயூனியன் தீவு முன்பு பூர்போன் எனப்பட்டதால், அங்கிருந்து வருவதைப் பூர்பன் ஜெரேனியம் என்பார்கள். இன்று சந்தையில் அதிகம் கிடைப்பவை எகிப்திலும் சீனாவிலும் விளைபவை. ஒன்றுக்குப் பழகிய மூக்குக்கு மற்றது பிழையாகத் தோன்றலாம். அது கலப்படத்துக்குச் சான்றன்று.

ஆனால் போத்தலைத் திறந்தவுடன் நுளம்புத்திரியின் நினைவு வந்தால் சந்தேகப்படுங்கள். சிட்ரனெல்லாப் புல்லின் எண்ணெய் நம் தென்மாகாணத்தில் நெடுங்காலமாக வடிக்கப்படுவதால் இலங்கையர் மூக்குக்கு அந்த மணம் நன்கு தெரியும். சிட்ரனெல்லாவும் பால்மரோசாப் புல்லெண்ணெயும் ஜெரானியோல் உள்ளவை, விலை குறைந்தவை. எனவே கலப்படத்துக்கு வசதியானவை. வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் மூன்று உண்டு. வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டு ஒரு நாள் வைத்தால், நல்ல நறுமண எண்ணெய் பெரும்பாலும் ஆவியாகி மெல்லிய தடயமே எஞ்சும். பொரித்த வடை வைத்த கடதாசி போல எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. ஒரு குவளை நீரில் துளி விட்டால் மேலே மிதக்க வேண்டும். நீர் பால்போல் கலங்கினால் அது வேறு பொருள். மூன்றாவதாக, அதே கடதாசியை ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாளும் முகர்ந்து பாருங்கள். மணம் படிப்படியாக மாறாமல் முதல் நிமிடத்தைப் போலவே பிடிவாதமாக நின்றால் செயற்கை வாசனையாக இருக்கலாம். திறமையாகச் செய்த கலப்படத்தை இவை எதுவும் காட்டிக்கொடா. அதற்கு ஆய்வுகூடத்தில் வாயு நிறப்பகுப்புச் சோதனை வேண்டும். ஆகவே வாங்கும்போதே சிட்டையில் தாவரவியல் பெயர், விளைந்த நாடு, தொகுதி இலக்கம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஜெரேனியம் வாசனை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது தோலுக்கு உரியதன்று.

முன்பு நன்றாக இருந்த எண்ணெய் தடித்து, புளித்த மணம் வீசுகிறது

காற்றும் வெப்பமும் வெளிச்சமும் பட்டு ஒட்சியேறியிருக்கிறது. பாதி காலியான போத்தலில் எஞ்சிய இடம் முழுவதும் காற்று என்பதை மறந்துவிடுகிறோம். குறைந்ததைச் சிறிய, கருநிறக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, திறந்த திகதியை ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். குளியலறை அலுமாரியும் சமையலறை யன்னலும் கொழும்பில் மிக மோசமான இடங்கள். இறப்பர்த் தலையுள்ள துளிகுழாயைப் போத்தலில் நிரந்தரமாக விடாதீர்கள். எண்ணெயின் ஆவி இறப்பரைக் கரைத்துப் பிசினாக்கும். ஒட்சியேறிய எண்ணெய் ஒவ்வாமையைத் தூண்டும் வாய்ப்பு அதிகமுள்ளதாகையால், அதைத் தோலில் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுவதே சரி.

பூசிய இடம் சிவந்து அரிக்கிறது

இங்கே பிழை பெரும்பாலும் ஒரு சொல்லிலிருந்து வருகிறது. நாம் இதைத் தைலம் என்கிறோம். சித்த, ஆயுர்வேதத் தைலங்கள் நல்லெண்ணெய் போன்றவற்றில் மூலிகையைக் காய்ச்சி எடுத்தவை. உள்ளங்கையில் ஊற்றித் தேய்ப்பதற்கே செய்யப்பட்டவை. அந்தப் பழக்கத்தில் ஜெரேனியம் எண்ணெயையும் நேராக நெற்றியில் தேய்த்துவிடுகிறோம். ஒரு கிலோ இலையின் சத்து ஒரு சிட்டிகை அளவாகச் சுண்டியது இது என்பதை நினைத்துப் பார்த்தால், அவ்வாறு தேய்க்கக் கை வராது.

எரிச்சல் தொடங்கினால் முதலில் தண்ணீரைத் தேடாதீர்கள். நறுமண எண்ணெய் நீரில் கரையாது. தேங்காயெண்ணெயை அந்த இடத்தில் தடவி, பஞ்சாலோ துவாயாலோ ஒற்றியெடுத்து, அதன்பின் மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவி வைத்தியரிடம் செல்லுங்கள்.

சில மணி நேரத்தில் தணிந்தால் அது செறிவு மிகுந்ததால் வந்த எரிச்சலாக இருக்கலாம். மறுநாளோ இரண்டாம் நாளோ அரிப்பும் தடிப்பும் கூடினால், பூசாத இடத்துக்கும் பரவினால், அது ஒவ்வாமை. இரண்டையும் வேறுபடுத்துவது முக்கியம். முன்னதற்கு வேறு எண்ணெயில் கலந்து செறிவைக் குறைத்துப் பயன்படுத்துவது தீர்வு, பின்னதற்கு முற்றாக நிறுத்துவதே தீர்வு. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவர் ஜெரானியோல், சிட்ரொனெல்லோல், லினலூல் ஆகிய பெயர்களைச் சவர்க்காரம், கிரீம், வாசனைத் திரவியச் சிட்டைகளிலும் தேடிப் பார்க்க வேண்டும். தோலில் தங்கும் பூச்சுகளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே இவற்றைச் சிட்டையில் குறிப்பிட வேண்டுமென்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி.

அளவு இது: 30 மில்லிலீற்றர் நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய்க்கு 6 துளி விட்டால் ஏறத்தாழ 1 சதவீதம், 12 துளி விட்டால் 2 சதவீதம். முகத்துக்கு முன்னதைத் தாண்ட வேண்டாம். முதன்முறை பூசுவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். எண்ணெயைக் குடிக்கவே கூடாது. குழந்தை தவறி விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

டிஃபியூசர் போட்டால் தலையிடி

குளிரூட்டி ஓடும் மூடிய அறையும் பத்துப் பதினைந்து துளிகளும் சேர்ந்த விளைவு. யன்னலைத் திறந்து, மூன்று அல்லது நான்கு துளிகளோடு அரை மணி நேரம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். அதன்பின் மணம் தெரியவில்லை என்று கூட்டத் தோன்றும். மூக்குப் பழகிவிட்டதே தவிர எண்ணெய் தீரவில்லை, அறைக்கு வெளியே போய் வந்தால் தெரியும். குறைத்த பின்னும் தலையிடி வந்தால் இந்த மணம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ பூனையோ நாயோ இருந்தால் டிஃபியூசரே வேண்டாம். செடியையும் பூனைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள், அவை தின்றால் நஞ்சு.

செடியும் எண்ணெயும் இருந்தும் நுளம்பு கடிக்கிறது

நுளம்பை விரட்டும் செடி என்று விற்கப்படுவதும் ஒரு வாசனைப் பெலார்கோனியமே. கசக்காத இலை மணத்தை வெளியே விடுவதில்லை. அதனால் சாடி பக்கத்தில் இருந்தும் பயனில்லை. எண்ணெயிலுள்ள சிட்ரொனெல்லோல் நுளம்பை ஓரளவு விலக்கும், ஆனால் கொழும்பின் வெக்கையில், வியர்வையோடு சேர்ந்து விரைவில் ஆவியாகிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. அதற்கெதிராக இதை நம்பியிருக்க முடியாது. டீட் அல்லது பிக்காரிடின் கொண்ட பூச்சையே தேர்ந்தெடுங்கள்.

இந்தக் குறைக்குக் காரணம் சில வேளைகளில் செடியின் அடியிலேயே இருக்கும். பூச்சாடித் தட்டில் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் முட்டையிட விரும்பும் இடம். வேரை அழுகச் செய்வதும் அதே தண்ணீர்தான். முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான். தட்டை எடுத்துவிட்டு, சாடியை இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். தொடர்மாடியில் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டும் என்பதால் தட்டு வேண்டியே இருந்தால், வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டின் உட்சுவரைத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும்.